நெபெத் கதவைத் திறக்க வேண்டுமாம்

பீன்யா, பெங்களூர்
22-3-1992

அன்பு மகள் கோதைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து, நடமாட்டத்துக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் ஊரில் நீயும் மூக்கடைப்பு இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. படித்ததும் வந்த கோபத்தில் அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூட எனக்குத் தெரியவில்லை. அதனால் சொல்ல வேண்டியதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மற்ற விசாரிப்பெல்லாம் அப்புறம். உன் எகிப்துக் கதையின் முடிவை நீ மாற்றக் கூடாது. ஆஸ்பத்திரியில் டியூட்டி முடிந்து வந்து, தூங்காமல் உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைத் திருத்தி எழுதுகிறேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்தப் பேனாவை முதலில் மூடி வை. மெட்ராஸ் பதிப்பகத்துக்காரர் புத்தகமாகப் போட ஏப்ரல் கடைசிக்குள் கேட்கிறார் என்றால், வாரப் பத்திரிகையில் எப்படி வந்ததோ அப்படியே அனுப்பு. வாசகர் வட்டத்திலிருந்து வெங்கடசாமி உனக்குக் கடிதம் போட்ட விஷயமே நீ எழுதித்தான் எனக்குத் தெரியும். உன் கதாநாயகி நெபெத் கதவைத் திறக்க வேண்டும் என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டிருக்கிறார்களாம், சொந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் சொன்னால் அதில் நியாயம் இருக்கத்தானே செய்யும் அம்மா என்று நீ கேட்கிறாய். நியாயமாம் நியாயம். உன் கதையைப் பேசிய கூட்டத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். அங்கே நடந்த நியாயத்தைச் சொல்கிறேன், கேள்.

அந்த வட்டம் நீ கிளாஸ்கோவுக்குப் போன பிறகு ஆரம்பித்தது, அதனால் அதன் லட்சணம் உனக்குத் தெரியாது. சிவாஜிநகரில் ஒரு துணிக்கடை மாடியில் மாதக் கடைசி ஞாயிறு கூடுவார்கள். பெயர்தான் வாசகர் வட்டம், பாதிப் பேர் மசால் வடைக்கு வருகிறவர்கள். வெங்கடசாமி பேங்கில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆனவர், அவர்தான் செயலாளர். வீட்டில் அவர் பேச்சை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை போலிருக்கிறது, அந்த ஆத்திரத்தையெல்லாம் இங்கே வந்து தீர்த்துக்கொள்கிறார். கையை நீட்டினால் எதிர்ச் சுவர் தட்டுகிற அந்த அறைக்கு ஒரு மைக் வேறு. வட்டத்துக்குப் பத்திரிகை ஒரே ஒரு பிரதிதான் வாங்குவார்கள். எத்திராஜ் என்று ஒருவர் வாராவாரம் தொடர்கதைப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து வைத்து, கதை முடிந்ததும் பைண்டிங் போட்டு வீடு வீடாகச் சுற்றுக்கு விடுவார். உன் கதையும் அப்படித்தான் சுற்றியது. அது பிணம் வருகிற கதை என்று தெரிந்ததும் எத்திராஜ் வீட்டம்மாள் செவ்வாய் வெள்ளியில் அதை வீட்டுக்குள் வைக்கக் கூடாது என்று, செருப்பு விடுகிற இடத்துக்கு மேலே ஜன்னல் கம்பியில் சொருகி வைத்திருக்கிறாள். அடுத்த வீட்டுக்குக் கொடுக்கும்போது மஞ்சள் தண்ணீர் தெளித்துக் கொடுத்திருக்கிறாள். என் கைக்கு வந்தபோது அட்டையெல்லாம் மஞ்சள் திட்டு. நீ லீவு நாளில்கூட ஓய்வெடுக்காமல் மியூசியத்தில் போய் நின்று, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற அந்தப் பழைய லினன் துணியைப் பார்த்துப் பார்த்து எழுதிய கதைக்கு நம் ஊரில் நடந்த மரியாதை இதுதான்.

கூட்டத்தில் வெங்கடசாமி ஆரம்பித்தார், ஆரம்பித்தார், முடிக்கவே இல்லை. சரித்திரக் கதை என்றால் ஒரு குதிரை வேண்டாமா, சுரங்கப் பாதை வேண்டாமா, மாறுவேஷத்தில் ஒரு ராஜகுமாரனாவது வேண்டாமா என்றார். ராஜா ஒரே ஒரு அத்தியாயத்தில் வருகிறாராம், அதிலும் பல்வலியோடு வருகிறாராம், இது ராஜ வம்சத்துக்கே இழுக்காம். ராஜாவுக்குப் பல் இருந்தால் வலிக்காதா என்று நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே கேட்டேன். காது கேட்காத மாதிரி அடுத்த பக்கத்தைத் திருப்பிவிட்டார். அவர் பேசும்போது மேல் வரிசைப் பல் செட் தனியாக ஆடுகிறது, அவருக்குப் பல்வலியைப் பற்றிப் பேச்சு. அடுத்து மைக்கேல்ராஜ், காலேஜில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவராம், அந்தப் பிள்ளைகளை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும். எகிப்துக்காரர்களே ஆதியில் நம் பக்கத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள், அதை ஒரு வரி சேர்த்திருந்தால் தமிழனுக்குப் பெருமையாக இருந்திருக்கும், ஆசிரியை நல்ல சந்தர்ப்பத்தைக் கோட்டை விட்டுவிட்டார் என்று வருத்தப்பட்டார். நெபெத் என்ற பெயரை நப்பின்னை என்று வைத்திருக்கலாமாம். அதற்கு நாலு பேர் கை தட்டினார்கள். எத்திராஜ் எழுந்து, இன்னாமா இது, பொணத்துக்குச் சுத்துற துணி நெய்யறவளைப் போயி கதாநாயகின்றாங்க, வேற வேலையே கெடைக்கலியா அவளுக்கு என்று கேட்டார். இன்னொருவர் எகிப்து என்றாலே பூனை, கதையில் பூனையே வரவில்லை என்று கண்டுபிடித்துச் சொன்னார். முன் வரிசையில் இருந்த ஒரு பெண், படம் போட்டவர் நெபெத்துக்கு வைத்திருக்கிற கொண்டை நன்றாக இருக்கிறது, கதை படிக்க நேரமில்லை என்றாள். அவள் ஒருத்திதான் அங்கே உண்மை பேசினாள்.

இதெல்லாம் போகட்டும் கண்ணு, அசடு வழிகிறது என்று துடைத்துப் போட்டுவிடலாம். கேவலம் எங்கே தெரியுமா? உன் முடிவு சரியில்லை என்று மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார்களே, அவர்களில் ஒருவரும் உன் முடிவைப் படிக்கவே இல்லை. டிசம்பரில் இங்கே காவேரிக் கலாட்டா நடந்ததல்லவா, அந்தச் சமயத்தில் மெட்ராசிலிருந்து தமிழ்ப் பத்திரிகைக் கட்டு எதுவும் கடைக்கு வரவில்லை. வந்திருந்தாலும் எந்தக் கடைக்காரன் வெளியே தொங்கவிடுவான். உன் கதையின் கடைசி மூன்று வாரமும் அதில் போய்விட்டது. ஜனவரியில் பத்திரிகை மறுபடி வந்தபோது அதில் வேறு புதுத் தொடர் ஆரம்பித்திருந்தது. எத்திராஜ் மகா புத்திசாலி, ஓகோ பழையது முடிந்துவிட்டது என்று கையில் இருந்ததைக் கொண்டுபோய் பைண்டிங்குக்குக் கொடுத்துவிட்டார். நீ எழுதியது உனக்குத் தெரியும், ஆனால் இவர்கள் எதுவரை படித்தார்கள் என்று உனக்குத் தெரிய வேண்டும். ஆற்றில் வெள்ளம் வரவில்லை, தெற்கத்தி ஜனங்கள்தான் மந்திரம் வைத்துத் தண்ணீரைக் கட்டிவிட்டார்கள் என்று ஊரே அவர்கள் குடியிருக்கிற சாயக்காரத் தெருவுக்குள் தீவட்டியோடு நுழைகிறது, சாயக்காரி கெமா தப்பித்து ஓடி வருகிறாள், இத்தனை வருஷம் ரொட்டியும் வெங்காயமும் பங்கு போட்டுத் தின்ற சிநேகிதி நெபெத்தின் வாசலில் வந்து நின்று கதவைத் தட்டக் கையைத் தூக்குகிறாள். அவ்வளவுதான் இவர்கள் படித்தது. அந்தப் பக்கத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் தொடரும் என்று போட்டிருக்கிறது. நான் எழுந்து போய் விரலை வைத்துக் காட்டினேன். வெங்கடசாமி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்துவிட்டு, அது அப்படி இல்லம்மா, வாழ்க்கை தொடரும்னு ஆசிரியை சூசகமா சொல்றாங்க, இப்பல்லாம் இதான் ஃபேஷன் என்றார். மைக்கேல்ராஜ் தலையை ஆட்டி ஆமோதித்தார். அதற்கு மேல் அங்கே நின்று என்ன பேசுவது, நான் வந்து உட்கார்ந்துவிட்டேன். இந்த மேதாவிகள்தான் பிறகு எனக்குத் தெரியாமல் கூடி, முடிவு அரைகுறையாக இருக்கிறது, நெபெத் கதவைத் திறந்து கெமாவைக் காப்பாற்றுகிற மாதிரி முடிக்கவும் என்று உனக்கு எழுதியிருக்கிறார்கள். நீ என்னடாவென்றால் எல்லாம் படித்து அலசித்தான் சொல்கிறார்கள் என்று நம்பி, எழுதியதை அடித்துத் திருத்திக்கொண்டிருக்கிறாய். பெற்ற வயிறு எரியாமல் என்ன செய்யும்.

நம் வீட்டு விஷயம் கேட்டிருந்தாய். அப்பாவுக்கு இந்த மாதம் முழுக்க இரண்டாம் ஷிப்ட். முட்டிவலிக்குத் தைலம் தேய்த்துவிட்டால் சரியாகிவிட்டது என்பார், படி ஏறும்போது மட்டும் சுவரைப் பிடித்துக்கொள்வார். என் மகள் பிரமிடைப் பற்றிப் புத்தகம் எழுதியிருக்கிறாள் என்று ஃபாக்டரி முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். அதில் மருந்துக்கும் ஒரு பிரமிடு கிடையாது என்று சொன்னால், உனக்கு என்னடி தெரியும் வள்ளி, எகிப்துன்னா பிரமிடு இல்லாம இருக்குமா என்று என்னிடமே சண்டைக்கு வருகிறார். படித்துப் பாருங்கள் என்றால் ரிடையர் ஆனதும் படிக்கிறேன் என்கிறார். அவரை மட்டும் நான் மன்னிக்கிறேன், படிக்கவில்லை என்று ஒத்துக்கொள்கிற மனுஷன். போர்வெல்லில் தண்ணீர் குறைந்துவிட்டது, லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்து நிற்கிறோம். வாணியம்பாடிச் சித்தி இந்த வருஷமாவது கோதைக்கு ஒரு இடம் பார்க்கலாமா என்று எழுதிக் கேட்டிருந்தாள், அவளிடமே கேளுங்கள் என்று உன் விலாசத்தைக் கொடுத்துவிட்டேன், கோபப்படாதே. பத்திரிகையில் விட்டுப்போன அந்தக் கடைசி மூன்று வாரத்தையும் பொங்கலுக்கு வந்தபோது எனக்கு எடுத்து வந்து கொடுத்த புண்ணியவதி அவள்தான். நீ தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு பஸ்ஸுக்கு ஓடாதே. ரொட்டியை மட்டும் தின்று ஒப்பேற்றாமல் ஒருவேளையாவது சோறு வடித்துச் சாப்பிடு, கொஞ்சம் ரசப்பொடி அனுப்புகிறேன்.

இப்போது சந்திரம்மா விஷயத்துக்கு வருகிறேன், அவளை உனக்குத் தெரியும். பின் வரிசை மாடி வீட்டுக்காரி, கோலார் தங்கவயலில் பிறந்து தமிழில் படித்தவள், கல்யாணம் பண்ணிக்கொண்டது கன்னடக்காரரை. என்னை அந்த வட்டத்துக்கு முதன்முதலில் இழுத்துக்கொண்டு போனதே அவள்தான், இன்றைக்கும் இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் போய் வருகிறோம். அன்றைக்கு எல்லோரும் குரைத்து ஓய்ந்த பிறகு அவள் எழுந்தாள். மைக்கை வாங்கிக்கொண்டாள். நெபெத் கதவைத் திறந்தே திறப்பா, அதைக்கூட எழுதாம விட்டுட்டாங்களே, அவ்ளோ வருஷம் பழகினவ திறக்காம இருப்பாளா, பொம்பளை மனசு அப்படி இருக்காது, ஒரே ஒரு வரி, அவ திறந்தான்னு ஒரு வரி போட்டா என்ன கொறஞ்சு போயிடும் என்று சொல்லும்போதே அழுதுவிட்டாள். கூட்டமே உச்சுக்கொட்டியது. வெங்கடசாமி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், பெரிய ரசிகர். சித்தி கொடுத்த மூன்று இதழும் என் பைக்குள்தான் இருந்தன. படித்துக் காட்டி இவர்கள் முகத்தில் கரி பூச வேண்டும் என்றுதான் எடுத்துப் போயிருந்தேன். அவள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டதும் எனக்கு அதை எடுக்கக் கை வரவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் கையைப் பிடித்துக்கொண்டு, கோதை கிட்ட நீயே ஒரு மாத்து, ஒரே ஒரு வார்த்தை சொல்லு வள்ளி, நீ சொன்னா கேப்பா என்றாள். பார்க்கலாம் என்று சொல்லி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நான் எழுத மாட்டேன் என்று அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும், அதனால்தான் வெங்கடசாமியை விட்டு எழுத வைத்திருக்கிறாள். சகோதரி சந்திரம்மா கண்ணீரோடு கேட்டுக்கொண்டார் என்று அந்தக் கடிதத்தில் இருப்பதாக நீ எழுதியிருந்த வரியைப் படித்தபோதுதான் பால் பொங்கியது.

டிசம்பர் கலாட்டாவில் நம் வீட்டு ஜன்னல் கண்ணாடி போனதோடு சரி என்று உனக்கு அப்போது எழுதியிருந்தேன். தூரத்தில் தனியாக இருக்கிற பெண் பதறிப்போவாள் என்று அவ்வளவோடு நிறுத்திக்கொண்டேன். நீ முடிவை மாற்றப்போகிறேன் என்கிறபோது இனிமேல் சொல்லாமல் இருந்தால் தப்பாகிவிடும். அன்றைக்கு அப்பா ஃபாக்டரிக்குள்ளேயே மாட்டிக்கொண்டார், ஊரடங்கு போட்டு இரண்டு நாள் கழித்துத்தான் வீடு வந்து சேர்ந்தார். நான் தனியாக இருந்தேன். மத்தியானம் சோறு வடித்துக்கொண்டிருக்கும்போது தெருக்கோடியில் சத்தம் கேட்டது, எந்தெந்த வீடு தமிழ் வீடு என்று கேட்டுக்கொண்டே வருகிறார்கள். கல் விழுந்து கண்ணாடி நொறுங்கியதும் நான் பின்கதவு வழியாகப் போட்டது போட்டபடி ஓடினேன். எங்கே ஓடுவேன், சந்திரம்மா வீட்டுக்குத்தான் ஓடினேன். வாசலில் அவள் வீட்டுக்காரர் பெயர் கன்னடத்தில் எழுதியிருக்கும், அங்கே ஒருவனும் கை வைக்க மாட்டான். மாடி ஏறிக் கதவைத் தட்டினேன், சந்திரம்மா, நான்தான் வள்ளி என்று சொல்லித் தட்டினேன். கதவுக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. அப்புறம் உள்ளே மிக்ஸி ஓட ஆரம்பித்தது. நான் தட்டத் தட்ட அது ஓடிக்கொண்டே இருந்தது. சமையல் செய்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரியும் கோதை, ஜாரில் ஏதாவது போட்டு அரைத்தால் ஒரு சத்தம், ஒன்றும் போடாமல் ஓட்டினால் வேறு சத்தம். அது வெறும் மிக்ஸி. நான் இறங்கி ஓடி, பின்னால் கட்டிக்கொண்டிருந்த ஒரு வீட்டில் செங்கல் அடுக்குக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொண்டேன். அவர்கள் என்னைப் பார்க்கவில்லை, எனக்கு ஒன்றும் ஆகவில்லை, நீ இப்போது பதறாதே. ஊரடங்கு தளர்ந்த அன்றைக்குக் காலையில் சந்திரம்மா ஒரு டப்பாவில் பிசிபேளாபாத் எடுத்துக்கொண்டு வந்து, எங்கே போயிட்டே வள்ளி, தேடினேனே என்றாள். நானும் வாங்கிச் சாப்பிட்டேன், பசி.

பொங்கலுக்கு வந்த சித்தி அந்த இதழ்களைக் கொடுத்ததும் உட்கார்ந்து படித்தேன். கெமா தட்டுகிறாள். நெபெத் உள்ளே தறிக்கு முன்னால் உட்கார்ந்து, அந்தச் சத்தம் காதில் விழாமல் இருக்க, நூலைப் பலமாக அடித்து அடித்து நெய்கிறாள். மறுநாள் ரொட்டியும் வெங்காயமும் எடுத்துக்கொண்டு சாயக்காரத் தெருவுக்குப் போகிறாள், அங்கே கெமாவும் இல்லை, வீடும் இல்லை. செப்டம்பரிலேயே இதை எழுதி அனுப்பிவிட்டாய். நான் உனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை, உனக்கு எப்படிடி தெரிந்தது என்று பத்திரிகையை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். சந்திரம்மா கெட்டவள் இல்லை, இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு பயந்துபோனாள், அது எனக்குப் புரியாமல் இல்லை. உன் நெபெத்தையும் நீ கெட்டவளாக எழுதவில்லை. அதனால்தான் அது வலிக்கிறது. இப்போது புத்தகத்தில் நீ ஒரு வரி மாற்றிக் கதவைத் திறந்துவிட்டால் அவளுக்கு நிம்மதியாக இருக்கும், நாலு பேருக்குப் படிக்கக் கொடுத்து, பார்த்தாயா நான் சொன்னேனே என்பாள். வெங்கடசாமி மைக்கில் பாராட்டுவார். அப்புறம் வெளியே நின்று தட்டியவள் பேச்சை உலகத்தில் யார் நம்புவார்கள், சொல். அந்த ஒரு இடத்தில்தான் எனக்கு நடந்தது நடந்தபடி எழுதியிருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குத் தூங்கு. உன் கையெழுத்துக்கும் உன் கண்ணுக்கும் ஒரு குறையும் வராமல், நீ தொட்டது நல்லபடியாக முடியும்படி எங்கள் இரண்டு பேருடைய ஆசியும் உனக்கு எப்போதும் உண்டு. வெங்கடசாமிக்கு நீ பதில் போட வேண்டாம், அவருக்கு நான் நேரில் கொடுத்துக்கொள்கிறேன். பதிப்பகத்துக்கு மட்டும் தபாலை நாள் கடத்தாமல் அனுப்பு, அனுப்புமுன் கடைசி அத்தியாயத்தை ஒருதரம் எடுத்துப் பார். நெபெத் உள்ளேயே இருக்கட்டும். நான் வெளியேதான் நின்றேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
அ. வள்ளியம்மா